எண்பது கிலோமீட்டர் கொள்கை

நாட்டைக் காப்பாற்றியே தீருவது என்று சிவராஜ் முடிவு செய்தார். நாடு அதுவரை பொறுத்திருந்ததே பெரிய விஷயம்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் பசுமைப் பிரிவுக்கு அவர்தான் அதிகாரி. சரக்கு வாங்க வெளிநாட்டுப் பையர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போய், சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடி சாயத்துக்கே அனுப்புகிற ஆலையைக் காட்டுவார். மொட்டை மாடியில் சோலாரைக் காட்டுவார். "ஒரு காலத்தில் இங்கே ஆறு எந்தக் கலரில் ஓடுகிறது என்று பார்த்தாலே, அந்த வருஷம் எந்தக் கலர் பனியன் போகிறது என்று தெரிந்துவிடும். புதுத் தொழில்நுட்பம்தான் நாட்டைக் காப்பாற்றும்" என்று இங்கிலீஷில் முடிப்பார். கைதட்டல் பறக்கும்.

வீட்டில் அப்படி யாரும் தட்டுவதில்லை. மனைவி மைதிலி இன்னொரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். துணியில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். அதற்காவது டியூப்லைட் வேண்டும். புருஷன் பேச்சில் ஓட்டை பார்க்க இருட்டே போதும்.

சிவராஜின் தேசபக்திக்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு தவறாமல் மூலனூருக்குப் போக வேண்டும். அங்கே மாமனார் நல்லானுக்கு முருங்கைத் தோட்டம். மருமகனைக் கண்டதும் மனுஷன் தோட்டம் முழுக்க நடத்திக் கூட்டிப் போய், ஒவ்வொரு மரத்தையும் சொந்தக்காரரை அறிமுகப்படுத்துவது போல அறிமுகப்படுத்துவார். திரும்பி வந்து இலை முன்னால் உட்கார்ந்தால் முருங்கைக்காய்ச் சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல், ரசத்திலும் இரண்டு துண்டு. பாயசத்தை சிவராஜ் சந்தேகத்தோடு கிளறிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

மைதிலியோ ஒரே பெண். மகன் அமராவதி நகரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வாரம் முழுக்கத் துணியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, அம்மா கையால் ஒரு வேளை சாப்பிட்டு வருவதுதான் மிச்சம். அதை நேராகத் தடுக்க சிவராஜுக்குத் தைரியமில்லை. சுற்றி வளைத்துத் தடுக்கத்தான் விஞ்ஞானம் இருக்கிறதே.

"மைதிலி, பெட்ரோல் வண்டியைக் குடுத்துட்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுக்கப் போறேன்."

"ஏனுங்க மாமா, திடீர்னு?"

"புகை, அம்மிணி, புகை! நம்ம பேரன் பேத்தி மூச்சு விட வேண்டாமா?"

"பையன் பத்தாவதே இன்னும் தாண்டலீங்க."

"அதுக்குள்ள காத்தைச் சுத்தம் பண்ணி வெச்சுருவோம். ஒரே ஒரு சங்கடம்..." சிவராஜ் குரலில் சோகத்தை வரவழைத்துக்கொண்டார். "ஒரு சார்ஜுக்கு எண்பது கிலோமீட்டர்தான் ஓடும். மூலனூர் போய்த் திரும்பி வரத் தாங்காது. நாட்டுக்காக நாமதான் தியாகம் பண்ணோணும்."

மைதிலி அவர் முகத்தையே பார்த்தாள். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அதே பார்வை.

"கரண்டே நிலக்கரியை எரிச்சுத்தானுங்களே வருது? புகை நம்ம வாசல்ல இல்லாம வேறெங்கியோ போகுது. அவ்வளவுதானே?"

இதற்குப் பையர்களுக்குச் சொல்கிற பதில் அவரிடம் தயாராக இருந்தது. "நல்ல கேள்வி! அதனால நான் சோலார்ல மட்டும்தான் சார்ஜ் ஏத்துவேன். கம்பெனி மாடியில இருக்குதில்ல? ஊட்டுக் கரண்டைத் தொடவே மாட்டேன். அது என்னோட கொள்கை!"

"சத்தியமாவா?"

"சத்தியமா!"

"அப்படின்னா எடுத்துருங்க மாமா. நாடுதானுங்க முக்கியம்."

இவ்வளவு சுலபமாக ஜெயித்ததை சிவராஜாலேயே நம்ப முடியவில்லை. ஆனாலும் ஸ்கூட்டர் வந்தது. முதல் ஞாயிறு கறிக்குழம்பு, கிரிக்கெட், தூக்கம். பூமியே குளிர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு காலையில் மைதிலி தலை நிறையப் பூவோடு ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாள்.

"எங்கே?"

"மூலனூருக்குத்தானுங்க."

"வண்டிதான் போய்வரத் தாங்காதே!"

"போறதுக்குத் தாங்குமில்லீங்களா? அப்பாவுக்குக் கிணத்து மோட்டாரே சோலார்ல ஓடுது. மோட்டார் ரூம்ல பிளக்கும் வெச்சிருக்காரு. உங்க கொள்கைக்குப் பங்கமே வராது."

சிவராஜ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். நாட்டைப் பற்றிப் பேசினவர்கள் தங்கள் பேச்சிலேயே மாட்டிக்கொள்வது சகஜம்.

தாராபுரம் தாண்டி மூலனூர் போய்ச் சேர்ந்தபோது, வண்டியில் மிச்சமிருந்த சார்ஜும் அவர் முகமும் ஒரே அளவில் இருந்தன. வாசலில் நல்லான், மாமியார் மருதாள், அவர்களுக்குப் பின்னால் பாதித் தெரு.

"வாங்க மாப்பிள்ளை! நிலக்கரிக் கரண்டைத் தொடமாட்டேன்னு சத்தியமே பண்ணிட்டீங்களாமா? நம்ம ஊருக்கே பெருமைங்க!" நல்லானுக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. "நானும் சூரியன் சும்மாதானே வருதுன்னு பொழுதுக்கும் மோட்டாரை ஓட்டி உட்டனுங்க. கெணறு அடிமண்ணுக்குப் போயிருச்சு. சூரியன் சும்மா வரும், தண்ணி சும்மா வருமுங்களா? இன்னைக்கு உங்க வண்டியைச் சொருகறதுக்காக மோட்டாரை நிறுத்திப் போட்டேன். கெணறும் மூச்சு விடட்டும்."

கிணறு மூச்சு விட்டது. சிவராஜ்தான் விடவில்லை. ஐப்பசி மாசத்து வானம் மேகத்தை மெத்தை மாதிரி விரித்துப் போட்டிருந்தது. மரங்களின் அறிமுகம் முடிந்து, சாப்பாடு முடிந்து, மோட்டார் ரூமுக்கு ஓடிப் பார்த்தார். சார்ஜ் நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் அது கால்வாசியைக்கூடத் தொடவில்லை.

"மாமா, ஊட்டுக் கரண்ட்ல கொஞ்சூண்டு..." என்று மாமனாரிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஐயையோ!" என்றாள் மைதிலி, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "சத்தியம் என்னாகுறதுங்க?"

"செரி, நான் மட்டும் பஸ்ல போயிடறேன்."

நல்லான் பதறிப்போனார். "டீசல் பஸ்லீங்களா? புகைங்க மாப்பிள்ளை! ஊர்ல நாலு பேரு பாத்தா என்னன்னு நெனைப்பாங்க?"

கடைசி ஆயுதமாக சிவராஜ் செல்போனை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேனேஜரைக் கூப்பிட்டார்.

"சார், நாளைக்குக் காலைல நான் இல்லாம அங்க ஒண்ணும் நடக்காதில்லீங்களா?"

"அட, நீங்க அங்கயே இருங்க சிவராஜ்!" மேனேஜர் குரலில் குதூகலம். "முருங்கைத் தோட்டத்துல சோலார்ல உங்க ஸ்கூட்டர் சார்ஜ் ஏறுற போட்டோவை உங்க வீட்டம்மா மத்தியானமே அனுப்பிட்டாங்க. பையருக்கு அனுப்பினேன், மனுஷன் துள்ளிக் குதிக்கிறாரு. வியாழக்கிழமை நேர்லயே வந்து பார்க்கறாராம். அதுவரைக்கும் வண்டியை அந்த இடத்தை விட்டு எடுத்துராதீங்க. உங்களுக்கு ஆன் டியூட்டி போட்டாச்சு!"

போன் நின்றது. மருதாள் சந்தோஷத்தில் பாய் உதறப் போனார். நல்லான், தோட்டத்தின் தெற்கு ஓரத்தில் காட்டாமல் விட்ட மரங்களை நாளைக்குக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தார். சிவராஜ் கடைசி நம்பிக்கையாக மனைவி பக்கம் திரும்பினார்.

"மைதிலி, வியாழக்கிழமை வரைக்கும் எப்படி? மாத்துத் துணிகூட இல்லையே. உனக்கும் லீவு சொல்லலியே?"

"நான் போன வாரமே ஒரு வாரத்துக்கு லீவு சொல்லிட்டனுங்க மாமா" என்றாள் மைதிலி. "உங்க துணியை நேத்தே மூலனூர் பஸ்ல போட்டு உட்டாச்சு."