நான் சுத்தம் செய்த பதினோரு வரிகள்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது. இன்று இதை ஒப்புக்கொள்கிறேன். இருபத்திரண்டு வயதில் இதற்குத் திறமை என்று பெயர் வைத்திருந்தேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் முதல் வேலை. ஐந்து பேர் கொண்ட குட்டி டீம். காய்கறிக் குளிர்கிடங்குகளில் வெப்பநிலையைக் கண்காணிக்கும் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதன் கர்னலில், அதாவது இயங்குதளத்தின் அடிவயிற்றில், கைவைப்பதுதான் எங்கள் பிழைப்பு. டீம் லீட் ஸ்டெல்லா மேடம், ரிச்சர்ட்ஸ் டவுன்காரர்; தமிழில் கன்னடம் எட்டிப்பார்க்கும். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து எங்கள் எல்லோருக்கும் நீட்டுவார். (அந்தக் கடலையை நினைத்தால் இப்போதும் மனசு என்னமோ செய்கிறது. சில்க் போர்டு சந்திப்பின் வாகன நெரிசல்கூட அப்போது இனித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அந்த வாரம் கிடங்குக்காரர்கள் பெட்டியை நேரில் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் டீம் பிழைக்கும். இல்லையென்றால் ஐந்து பேரையும் ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த நேரம் பார்த்துத்தான் எனக்குக் கை அரித்தது.

விஷயம் இதுதான். பெட்டியை ஆன் செய்ததும் ஒரு டைமர் ஓடத் தொடங்கும். அது ஐந்து நொடிக்கு ஒருமுறை விழித்து, சென்சாரிடம் வெப்பநிலையைக் கேட்கும். சென்சார் கிடைக்காவிட்டால், டைமரை நிறுத்திவிட்டு, வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மரியாதையாக வெளியேற வேண்டும். மேடம் எழுதியிருந்த இந்தப் பகுதி எனக்கு அலங்கோலமாகத் தெரிந்தது. டைமரை அமைக்கும் வரிகளை ஒரே இடத்தில் அழகாக அடுக்கினேன். தோல்வி வந்தால் என்ன செய்வது என்ற பகுதியில் பதினோரு வரிகள் தண்டமாகக் கிடந்தன. தூக்கிவிட்டேன். டைமரை நிறுத்தும் வரியும் அதில் ஒன்று; நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரியை மட்டும் விட்டுவைத்தேன். சென்சார் ஏன் கிடைக்காமல் போகப் போகிறது? (என் மேஜையில் ஒருநாளும் போனதில்லை.)

"சென்சார் ஒயரைக் கழட்டிட்டு ஓட்டிப் பாத்தியாப்பா?" என்று கேட்டார் மேடம்.

"பாத்துட்டேன் மேடம்."

பச்சைப் பொய். அவரோ என்னை நம்பி, சரிபார்த்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுவிட்டார்.

கிடங்குக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஒயர் இல்லாம ஆன் பண்ணுங்க. எங்க கோடவுன்ல எலி ஜாஸ்தி, கடிச்சிப்போட்டுடும்."

ஆன் செய்தோம். 'சென்சார் இல்லை' என்று பெட்டி பணிவாகச் சொன்னது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

"இந்தப் பார்ட் நான் பண்ணது சார்" என்றேன். (யாராவது கேட்டார்களா? இல்லையே!)

சொல்லி வாய் மூடவில்லை, நான் நிறுத்தாமல் விட்ட டைமர் விழித்துக்கொண்டது. திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தைத் தேடிப் போனது. திரை முழுக்க எழுத்துக் குப்பை. பெட்டி செத்தது. மறுபடி ஆன் செய்தோம். ஐந்து நொடியில் மறுபடி செத்தது.

"கரன்ட் பிராப்ளம் சார்" என்றேன். ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, "யார் பண்ண சேஞ்ச் இது?" என்றார். நான் குனிந்து பிளக்கை ஆராய்ந்தேன்.

"நான்தான் சார் பாத்து ஓகே சொன்னேன், என் பேர் இருக்கு" என்றார் ஸ்டெல்லா மேடம். "மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வெளியே வந்ததும், "ஒயரைக் கழட்டவே இல்ல மேடம், பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியுது. சும்னே இருக்க முடியாதாப்பா உனக்கு? உக்காரு. நீயே சரிபண்ணு."

சாப்பாட்டு நேரத்தில் சரிசெய்தேன். அதைவிடக் கஷ்டம் அதனோடு எழுத வேண்டிய குறிப்பு. கர்னல் வேலையில் அப்படி ஒரு வழக்கம்: எந்தப் பழைய மாற்றத்தால் கெட்டது, அதைச் செய்தவர் யார் என்று எழுத வேண்டும். அது இணையத்தில் உலகமே பார்க்கும்படி கிடக்கும். அழிக்கவே முடியாது.

"காரணம் தெரியலைன்னு போட்டுக்கலாமா மேடம்?" என்று இழுத்தேன்.

அவர் பார்த்த பார்வையில், பதினோரு வரிகளை அழித்தது நான்தான் என்று முழுப்பெயரோடு எழுதிவிட்டேன்.

மத்தியானம் ஒயரைக் கழற்றி ஆன் செய்தோம். ஐந்து நொடி. பத்து. இருபது. பெரியவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "எலி கடிச்சாலும் பரவால்ல" என்றார். டீம் பிழைத்தது. என் வேலை நிரந்தரமாவது மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போனது. நியாயம்தான்.

சில வருடம் கழித்து, ஆஸ்டின் டவுனில் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா அரசு அலுவலகத்தில் ஃபைல்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். என் பெயரை இணையத்தில் தேடியிருக்கிறார் மனுஷர். கேசரித் தட்டு கைக்கு வருமுன் கேட்டார்: "தம்பி, அந்தப் பதினோரு வரிய அழிச்சது நீங்கதானா?"

கதை முடிந்தது என்று நினைத்துத் தலையாட்டினேன்.

"கெடுத்தவன் பேரும் திருத்தினவன் பேரும் ஒண்ணா இருக்கற ஃபைல என் சர்வீஸ்ல நான் பாத்ததே இல்ல" என்று சொல்லி, பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

இப்போதும் நான் பரணை ஒழிக்க ஏணியை எடுத்தால் போதும், ஹாலிலிருந்து மாமனார் குரல் கொடுப்பார்: "ஏம்மா, இவரைச் சரிபார்த்தது யாரு?"

சமையலறையிலிருந்து என் மனைவி பதில் சொல்வாள்: "நீங்கதானேப்பா!"