பதினாலாம் அறையில் இரண்டு யூனிஸ்

கல்லூரி விடுதியில் யார் யாரோடு தங்குவது என்பது, அதுவரை பெண்களே தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும் அற்ப விஷயமாக இருந்துவந்தது. 1999-ல் அந்தக் குறை நீங்கியது. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஜாதகப் பொருத்தமே கம்ப்யூட்டரில் பார்க்கத் தொடங்கியிருந்த காலம். வைட்ஃபீல்ட் பக்கத்துப் பொறியியல் கல்லூரி மட்டும் பின்தங்கியிருக்கலாமா? 'அறைத்தோழியர் விஞ்ஞானபூர்வத் தேர்வுத் திட்டம்' அமலுக்கு வந்தது. முதலாண்டுப் பெண்கள் அறுபத்து நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டியது. கம்ப்யூட்டர் ஜோடி சேர்த்துவிடும்.

கோலார் தங்கவயலிலிருந்து வந்த யூனிஸுக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை. நாலு அக்காமாரோடு ஒரே அறையில் வளர்ந்தவள். தனியாகப் படுத்தே பழக்கமில்லை. அட்மிஷன் வரிசையில் நாலு மணி நேரம் கூடவே நின்ற கிருஷ்ணகிரி சௌம்யா, தன் புளியோதரையில் பாதியைக் கொடுத்திருந்தாள். இருந்தால் இவளோடுதான் என்று யூனிஸ் அப்போதே தீர்மானித்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே பதிலா எழுதிடலாம்டி. கம்ப்யூட்டர் என்ன பண்ணிடும்?" என்றாள் சௌம்யா.

அப்படியே எழுதினார்கள். தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்புவீர்கள்? வலது. தோழியிடம் எதிர்பார்க்கும் பண்பு? தியாகம். நீல மை செல்லாது என்று குமாஸ்தா சொன்னதால், யூனிஸ் மட்டும் கறுப்பு மையில் இன்னொரு படிவம் எழுதிக் கொடுத்தாள். குமாஸ்தா இரண்டையும் பத்திரமாகப் படிவக் கட்டுக்குள் சேர்த்தார்.

மறுவாரம் பட்டியல் ஒட்டினார்கள். 'அறை 14: யூனிஸ், யூனிஸ். பொருத்தம் நூறு சதவீதம்.' ஊரும் ரத்தப் பிரிவும் ஒத்துவராத சௌம்யா தொண்ணூற்றேழு சதவீதத்தில் தோற்று, வேறொருத்தியோடு இருபத்திரண்டாம் அறைக்குப் போனாள்.

யூனிஸ் வார்டன் காந்தா மேடத்திடம் ஓடினாள்.

"மேடம், அந்த இன்னொரு யூனிஸும் நான்தான்."

"ரொம்ப சந்தோஷம். அவ்வளவு ஒத்துமை வரணும்னுதானேம்மா இந்தப் பாடு!"

"இல்ல மேடம், அப்படி ஒரு ஆளே கிடையாது."

"கிடையாதா? லிஸ்ட்ல பிரின்சிபால் கையெழுத்துப் போட்டிருக்கார்!"

"என் ரூம்ல ஒரு கட்டில் காலியா கிடக்குது. சௌம்யாவை மாத்துங்க."

"ஆகல்லம்மா, முடியாது. ரூம் ஃபுல்."

இரண்டு மாதம் அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்தபடியே யூனிஸ் தூக்கத்தைத் தேடினாள். வருகைப் பதிவேட்டில் தினமும் இரண்டு கையெழுத்துப் போட்டாள். ஒருநாள் ஒன்று விட்டுப்போனதற்கு, "கூட இருக்கறவ மேல கொஞ்சம் அக்கறை வேணாமா?" என்று திட்டு வாங்கினாள். இதற்குள் மற்ற அறைகளிலெல்லாம் சண்டை மூண்டு, புகார்கள் குவிந்தன. புகாரே வராத ஒரே அறை பதினாலு. திட்டத்தின் மகத்தான வெற்றிக்குச் சான்றாக அதை நிர்வாகக் குழுவுக்குக் காட்டினார்கள்.

கடைசியில் சௌம்யாதான் வழி கண்டுபிடித்தாள். அவள் சொல்லச் சொல்ல யூனிஸ் எழுதினாள்: 'வேறு கல்லூரியில் இடம் கிடைத்துள்ளபடியால் விடுதியைக் காலி செய்கிறேன். இப்படிக்கு, இன்னொரு யூனிஸ்.'

கடிதத்தைப் படித்த காந்தா மேடத்துக்குக் கண் கலங்கியது. "ஒருநாள்கூடச் சத்தமா பேசினதில்ல அந்தப் பொண்ணு," என்றபடி கையெழுத்திட்டார்.

அன்று சாயங்காலமே சௌம்யா பெட்டி படுக்கையோடு பதினாலுக்கு வந்தாள். இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நாலாம் நாள்தான் தெரிந்தது, சௌம்யா வாய்விட்டுப் படிப்பவள், கேட்காமல் சோப்பை எடுப்பவள் என்று. யூனிஸ் ஜன்னலைத் திறக்கவே விடமாட்டாள் என்பது சௌம்யாவுக்கும் தெரிந்தது. பத்தாம் நாள் அறை நடுவே சாக்பீஸால் கோடு கிழித்தாயிற்று. அப்புறம் பேச்சே இல்லை.

யூனிஸ் தலை குனிந்து வார்டன் அறையில் நின்றாள். "மேடம், என் பழைய ரூம்மேட்டையே கூப்பிட்டுக் கொடுத்துடுங்க."

காந்தா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நிம்மதியா வச்சுக்கத் தெரியாம அனுப்பிட்டு, இப்ப எந்த முகத்தோடம்மா கேக்கற? அவ திரும்பி வந்தா எங்களுக்குத்தான்னு ஏற்கெனவே முப்பத்தொரு பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க."

அந்தப் பட்டியலை நீட்டினார். முப்பத்தொன்றாவது பெயர் சௌம்யா. யூனிஸ் அதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.