முப்பத்தேழாம் பக்கத்துப் புங்க இலை

ஏழு கடல் தாண்டியெல்லாம் போக வேண்டாம், கிட்டத்திலேயே நெடுமாடபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே ஒரு சிறுவர் நூலகம். படிக்கிற பிள்ளை நிறுத்திய பக்கத்தில் ஒரு புங்க இலையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும். இலை இருக்கும் புத்தகத்தை வேறு யாரும் தொடக்கூடாது. பிள்ளைகளே போட்டுக்கொண்ட சட்டம். அந்த நாட்டில் யாரும் மீறாத சட்டம் அது ஒன்றுதான்.

எட்டு வயது அல்லி ஒரு சாயங்காலம் முப்பத்தேழாம் பக்கத்தில் இலை வைத்தாள். கதையில் ஓர் ஆமை, முதுகில் குஞ்சோடு, வெள்ளத்தில் பாதி ஆறு கடந்திருந்தது. அதற்குள் நூலகர் சிங்காரம் மணியடித்துவிட்டார்.

"ஆமை எங்கம்மா ஓடிடப் போகுது? நாளைக்கு வா."

மறுநாள் கதவில் பூட்டு. சிறுவர் நூலகச் சேவையின் எதிர்காலத்தை ஆராயக் குழு போட்டிருந்தார்களாம். பிள்ளைகள் வந்தால் ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாம். அடேயப்பா, என்ன அக்கறை! அடுத்த வருஷம் இன்னோர் ஆணை வந்தது: பிறந்துவிட்ட குழந்தைகள் புத்தகங்களைக் கசக்குவதால், நூலகம் இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளுக்கு மட்டும். சிங்காரத்தை உப்புக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

அல்லி தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆமை கரையேறியதா, முழுகிப்போனதா? அந்த ஏக்கம் அவளோடே வளர்ந்தது. கல்யாணமாகி, வஞ்சி பிறந்து, அவளுக்குச் சோறு ஊட்டும்போது அந்தக் கதையைத்தான் சொன்னாள்.

"அப்புறம்மா?"

அல்லிக்கு அதற்குமேல் தெரியாது. அடுத்த உருண்டையை ஊட்டிவிடுவாள்.

வருஷங்கள் கழித்துத் தேர்தல் வந்தது. எதிர்காலத் துறை அமைச்சர் வாகைமாறன் ஜனங்களுக்குக் காட்டவென்று நூலகத்தைத் திறந்தார்.

"பெருமக்களே! ஒரு பிள்ளையைக்கூட உள்ளே விடாமல் பன்னிரண்டாயிரம் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது இந்த அரசு. நம்பாதவர்கள் இலைகளை எண்ணிக்கொள்ளலாம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அல்லி மகளை இழுத்துக்கொண்டு கூட்டத்தில் முண்டியடித்து அலமாரிக்குப் போனாள். அதே புத்தகம். விளிம்பில் காய்ந்துபோன இலைக்காம்பு.

"ஐயா, இது நான் வெச்ச இலைங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், ஒரே ஒரு பக்கம் புரட்டிக்கறேன்."

அமைச்சர் அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வஞ்சியைப் பார்த்தார். பிறகு புத்தகத்தில் நீட்டிக்கொண்டிருந்த இலைக்காம்பைக் காட்டி, உதட்டில் விரலை வைத்து, மிகுந்த மரியாதையோடு குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் போடாதீர்கள் அம்மா. குழந்தை படித்துக்கொண்டிருக்கிறது."