ஒரு விரல் இடைவெளி

உலகம் இன்னும் உருண்டுகொண்டிருப்பதற்குக் காரணம் குழுக்கள்தாம். அவற்றுள் தலையாயது அந்த ஆஸ்பத்திரியின் ‘சிறு அளவுக் கதிர்வீச்சு ஆய்வுக் குழு’. சிறு அளவுக் கதிர்வீச்சு உடம்பைக் கெடுக்குமா, கெடுக்காதா என்ற ஒரே கேள்வியை, பதினோரு வருடமாக, முடிவு என்ற கறை படாமல் காப்பாற்றி வருகிறது.

அதில் இரண்டு பேராசிரியர்கள். துளிகூட ஆகாது என்பவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘துளிகூட’. துளி உள்ளே போனால் உடம்பு தேறும் என்பவர் ‘துளி நல்லது’, தலைவரும் அவரே.

எக்ஸ்ரேக்காரிக்கு இந்த மேதைமையெல்லாம் பிடிபடவில்லை. அவளுடைய கவலை ஒரு கதவு. எக்ஸ்ரே அறைக்கும் அவள் நின்று பொத்தானை அழுத்தும் இடத்துக்கும் நடுவே, ஈயத் தகடு பொதிந்த கதவு கீல் இறங்கி, ஒரு விரல் இடைவெளி விட்டே நின்றது. அவளுக்கு மூன்றாம் மாதம். காண்டீன் வரை தெரிந்த சங்கதி. குழுவுக்கு மட்டும் ‘அதிகாரபூர்வமாக’ எட்டவில்லை.

நான்காவது மனுவோடு, வராந்தாவுக்கு எதிர்ப்புறமிருந்த கூட்ட அறைக்குப் போனாள்.

“கெடுதல்னு முடிவானாத்தானேம்மா கதவைத் தொட முடியும்?” என்றார் துளி நல்லது.

“கெடுதலேதான்!” என்று மேசையைத் தட்டினார் துளிகூட. “ஆனா கதவைச் சரி பண்ணிட்டா ஆதாரத்துக்கு நான் எங்க போறது? கதிரை அளக்குற உங்க பேட்ஜ்தான் இந்த ஆராய்ச்சிக்கே உயிர்.”

“என் வயித்துலயும் ஒரு உயிர் இருக்கு சார்.”

“அடடே, வாழ்த்துகள்!” என்றார்கள் இருவரும். வாழ்த்து கூட்டக் குறிப்பில் ஏறியது. கதவு ஏறவில்லை.

“இவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள உன் புள்ள வளந்து அந்தக் குழுவுலயே போய் உக்காந்துடும்டி,” என்றாள் வராந்தா பெருக்குகிற அக்கா.

பேட்ஜ் என்பது, உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்டுவதற்காக அவள் சட்டையில் குத்திக்கொள்வது. மாதம் முடிந்ததும் அளந்து பார்க்க அனுப்புவார்கள். அந்த மாதம் அதைக் கழற்றி, யாருக்கும் தெரியாமல் வேறோரிடத்தில் மாட்டினாள்.

அடுத்த கூட்டத்தில் துளி நல்லது, பேட்ஜின் அளவு வந்த உறையைப் பிரித்து முகம் மலர்ந்தார். “பாத்தீங்களா? சின்னத் துளி! இதுக்குப் போய் மனு மேல மனு!”

“அது என் மேல பட்டது இல்ல சார். மாசம் பூரா உங்க நாற்காலிக்குப் பின்னாடி தொங்கிச்சு.”

அவள் விரல் நீட்டிய திசையில் எல்லோரும் பார்த்தார்கள். நாற்காலி, திறந்த வாசல், வராந்தா, அவள் நிற்கும் இடம், ஒரு விரல் இடைவெளி, எக்ஸ்ரே மேசை. நூல் பிடித்தாற்போல ஒரே நேர்.

துளி நல்லது எழுந்த வேகத்தில் மூக்குக் கண்ணாடி கழன்றது. துளிகூட அதற்குள் வராந்தாக் கோடியில் இருந்தார். நான்கே நிமிடத்தில் தீர்மானம்: கூட்ட அறை பின்கட்டிடத்துக்கு மாற்றப்படுகிறது. காரணம், ‘காற்றோட்டம்’.

“அப்போ கதவு சார்?”

“அது இன்னும் விவாதத்துல இருக்கேம்மா!” கோடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

ஆனாலும் பெரிய மனிதர்கள், கைவிடவில்லை. மறுநாள் காலை தலைவரின் பழைய நாற்காலி, மெத்தையோடு, அவள் நிற்கும் இடத்தில் அந்த இடைவெளியைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தது. அதன் முதுகில் ஒட்டியிருந்த தாளில், எது உடம்புக்குக் கெடுதல் என்று பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் குழு ஒருமனதாக அறிவித்திருந்தது:

‘கர்ப்பிணிகள் நின்றபடி வேலை செய்வது.’