இரண்டாவது பெட்டி

எனக்கு ஒரு வியாதி இருந்தது. யார் எதைச் சொல்லத் தொடங்கினாலும், அவர் முடிப்பதற்குள் "தெரியும்" என்று சொல்லிவிடுவேன். இந்த வியாதியால் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருக்கிறேன். பஸ்ஸில் தவறான இடத்தில் இறங்கி நாலு கட்டை தூரம் நடந்திருக்கிறேன். (மனைவியிடம் பட்டதை எழுத இங்கே இடம் போதாது.) ஆனால் அந்த ஒரே சொல்லால் மூன்று வீடுகளையும் ஒரு கல்யாணப் பேச்சையும் ஒருசேரப் படுக்கவைத்தது ஒரேயொரு தடவைதான்.

நான் உன்னிச்சைக்காரன். எங்கள் பக்கத்து வழக்கப்படி, கல்யாணம் முடிந்ததும் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சித்தாண்டியில் மனைவி வீட்டுக்குக் குடிவந்தேன். மாமாவுக்கும் மாமிக்கும் மூன்று பெண்கள். ஒரே வளவுக்குள் மூவருக்கும் மூன்று வீடு கட்டியிருந்தார்கள். முன்வீடு மூத்தவளுக்கு. நடுவீடு என் மனைவி சுகந்திக்கு. பின்வீடு கடைக்குட்டி மேகலாவுக்கு. மாமாவும் மாமியும் அவளோடு அங்கேதான் இருந்தார்கள்.

முன்வீட்டு மருமகன் வரதன் அண்ணன். சொந்தமாக உழவு இயந்திரம் வைத்திருப்பவர், நிதானமான மனிதர். கூரை ஒழுகினாலும் மாடு படுத்தாலும் வளவில் எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள். என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "மருமகன், இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" என்பதுதான். ஒரு வருஷமாக அதற்கு மட்டும் சரியான பதில் சொல்லி வந்தேன்.

இணைய இணைப்பும் முன்வீட்டில்தான் இருந்தது. ரவுட்டரை வரதன் அண்ணன் தொலைக்காட்சிக்கு மேல் வைத்து, பின்னல் துணியால் மூடி, இரண்டு அன்டெனாவும் வெளியே வர ஓட்டை போட்டிருந்தார். நடுவீட்டு வாசலில் நின்றால் கொஞ்சம் எடுக்கும். பின்வீட்டில் ஒன்றுமே கிடையாது.

அப்போதுதான் மேகலாவுக்கு மாங்கேணிப் பக்கம் ஒரு பேச்சுக்கால் வந்தது. மாப்பிள்ளை சுதன், கட்டாரில் வேலை. "படத்தைப் பாத்து ஓம் எண்டு சொல்ல மாட்டன். ஒருக்காக் கதைச்சுப் பாக்கணும். மறுகாத்தான் முடிவு" என்றாள் மேகலா. அவருக்கு லீவு வெள்ளிக்கிழமை மட்டும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இராகு காலம் தொடங்கும். அதற்கு முன் முகம் பார்த்துக் கதைத்து முடித்துவிட வேண்டும் என்றார் மாமி. அதுவும் பின்வீட்டு மண்டபத்தில், சாமிப்படத்துக்கு முன்னால்.

என் காலம் பிறந்துவிட்டது. "நான் செய்றன்" என்றேன். (அலுவலகத்தில் ஒருநாள் பிரின்டருக்கு மை மாற்றிய நாளிலிருந்து எனக்கு என்மேல் பெரிய அபிப்பிராயம் இருந்தது.)

மட்டக்களப்பு ரவுணில் ஒரு கடையில் நாலு அன்டெனா முளைத்த இரட்டை அலைவரிசை ரவுட்டர் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் நல்ல மனிதர். "இதுல ரெண்டு அலை இரிக்கு, தம்பி. ஒண்டு மாட்டு வண்டி மாதிரி, மெதுவாப் போகும், ஆனா சுவரையும் தாண்டிப் போகும். மற்றது மோட்டார் சைக்கிள். பறக்கும், சுவரைக் கண்டா நிண்டிரும்."

"தெரியும்" என்றேன்.

"ரெண்டாவது பெட்டியா வைக்கிறதெண்டா உள்ளுக்க ஒரு செட்டிங் மாத்தணும்…"

"தெரியும், தெரியும்." பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அந்த இரண்டு "தெரியும்"களில் ஒன்றையாவது விழுங்கியிருக்கலாம்.

முன்வீட்டு ரவுட்டரிலிருந்து கேபிளை இழுத்து, மாமரத்தில் கட்டி, நடுவீட்டு ஜன்னலால் உள்ளே எடுத்துப் புதுப் பெட்டியில் செருகினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் மாமி அதில் இரண்டு சாரத்தைக் காயப்போட்டிருந்தார். வியாழக்கிழமை பின்னேரம் பின்வீட்டில் நின்று என் போனில் சிக்னல் கோடுகளை மட்டும் பார்த்தேன், முழுசாக இருந்தன. அன்று இரவுச் சாப்பாட்டில் மாமி எனக்கு மீன் தலை வைத்தார். அது வழக்கமாக வரதன் அண்ணனுக்குப் போகிற தலை.

விடிந்தது வெள்ளி. பின்வீட்டு வாசலில் நிறைகுடம். மேகலா சேலையில். மாமா சுவர் மணிக்கூட்டுக்குக் கீழே கதிரை போட்டு, நேரம் சொல்லும் பொறுப்பைத் தானாகவே ஏற்றுக்கொண்டார். மாமி என் ரவுட்டருக்கும் திருநீறு பூசிவிட்டார்.

ஒன்பதரைக்கு எல்லோருடைய போன்களும் புதுப் பெட்டியில் சேர்ந்தன. ஒன்பது முப்பத்தைந்துக்கு ஒன்றும் இல்லை. வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"மருமகன், லைட்டெல்லாம் பத்துது. மறுகா ஏன் ஆள் வரல்ல?" என்றார் மாமி.

"வெளிநாட்டுப் பக்கம் பிழை" என்றேன் கூசாமல்.

அந்த நேரம் பார்த்து வரதன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். "தம்பி, எங்கட வீட்டிலயும் போயிற்று." என் திறமை முன்னால் இருந்த வீட்டையும் சேர்த்தே அணைத்திருந்தது.

பெட்டியை நிற்பாட்டிப் போட்டேன். போட்டு நிற்பாட்டினேன். மேசைமேல் கதிரை வைத்து, அதன்மேல் நானும் ஏறி, ரவுட்டரைத் தலைக்கு மேல் பிடித்தேன். சுகந்தி கீழே நின்று என்னைப் பார்த்த பார்வையில், அன்டெனா ரவுட்டருக்கா எனக்கா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

"ஒன்பது ஐம்பத்தஞ்சு" என்றார் மாமா பின்வீட்டிலிருந்து.

எங்கள் வளவில் போன் சிக்னல் எடுக்கிற ஒரே இடம் கிணற்றடி. மேகலா பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்க் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து, தானே அழைப்பு எடுத்தாள். படம் வரவில்லை, குரல் மட்டும் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டாள். குடும்பம் முழுவதும் கிணற்றைச் சுற்றி நின்றது.

"வணக்கம்" என்றார் சுதன். "கமெரா வேலை செய்யல்லையா?"

"அத்தான் புதுசா ஒரு ரவுட்டர் போட்டவர்" என்றாள் மேகலா. அதற்குமேல் அவள் சொல்லத் தேவையில்லை.

போனிலிருந்து மிகவும் பணிவாக எனக்கு ஒரு கேள்வி வந்தது: "அண்ணன், குறை நினைக்காதீங்க. ரெண்டாவது பெட்டியில விலாசம் குடுக்கிறத நிப்பாட்டினீங்களா?"

சுதன் கட்டாரில் ஒரு ஹோட்டலில் இதே வேலைதான் பார்க்கிறாராம். (பேச்சுக்கால் கொண்டுவந்தவர் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னார் என்றும், அப்போது நான் "தெரியும்" என்றேன் என்றும் சுகந்தி சாதிக்கிறாள்.)

"விளங்கல்ல, தம்பி" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை.

"ரெண்டு பெட்டியும் தான் தான் வீட்டுக்குப் பெரியவர் எண்டு நினைக்குது, அண்ணன். ரெண்டும் எல்லாப் போனுக்கும் விலாசம் குடுக்குது. எந்தப் பக்கம் போறதெண்டு தெரியாம எல்லாம் நிண்டுபோயிற்று. ரெண்டாவதுக்குச் சொல்லணும், நீ முடிவெடுக்காத, வாறத அங்கால கடத்தினாக் காணும் எண்டு."

வரதன் அண்ணன் மாமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது.

இப்போது ஒரு சிக்கல். குரல் கேட்பது கிணற்றடியில். பெட்டி இருப்பது நடுவீட்டில். ஆகவே சுதன் சொல்வதை மேகலா சொன்னாள்; அதைக் குசினி வாசலில் நின்று மாமி உள்ளே சொன்னார்; மண்டபத்தில் நின்று சுகந்தி எனக்குச் சொன்னாள்.

"கேபிளக் கழட்டட்டாம்."

"கேபிளக் கழட்டட்டாம், புள்ள."

"கேபிளக் கழட்டுங்க."

ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பெட்டி செய்யாத வேலையை மூன்று பெண்கள் ஒரு சொல் சிந்தாமல் செய்தார்கள். இடையிடையே கிணற்றடியிலிருந்து எனக்கு அனுப்பப்படாத கதைகளும், மேகலாவின் சிரிப்பும் கேட்டன. "அதென்ன சொன்னவர்?" என்று மாமி கேட்டதற்கு, "அது செட்டிங் இல்ல அம்மா" என்று பதில் வந்தது.

"பத்து இருபது." மாமா மணிக்கூட்டுக்குக் கீழிருந்து கத்தினார். சொன்ன இடத்தில் தட்டினேன், சேமித்தேன், கேபிளைத் திரும்பச் செருகினேன். லைட்டுகள் அணைந்து ஒவ்வொன்றாக வந்தன. எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன், சித்தாண்டி முருகனை இரண்டு தரம்.

பத்து இருபத்தாறுக்குப் பின்வீட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் சுதனின் முகம் வந்தது. மாமி அவரை நாலு நிமிஷம் பார்த்தார். என்ன கேட்பதென்று தெரியாமல், "சாப்பிட்டீங்களா, மகன்?" என்றார். பத்தரைக்கு மாமா கையைத் தூக்கினார். முடிந்தது.

மூலையில் நின்ற என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மாமி மேகலாவிடம் கேட்டார்: "என்ன புள்ள சொல்றாய்?"

"அரை மணித்தியாலம் அத்தான்ட பிழையத் திருத்தினவர். ஒருக்காலும் சிரிக்கல்ல, சலிக்கல்ல, அத்தானக் குறைச்சுக் கதைக்கல்ல" என்றாள் மேகலா. "எனக்குச் சம்மதம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் முட்டாள்தனத்தால் ஒரு நல்லது நடந்ததும் அன்றுதான்.

சுதன் இப்போது எங்கள் மூன்றாவது மருமகன். வீட்டில் எனக்கு "ரெண்டாவது பெட்டி" என்று பெயர். நான் ஏதாவது தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால், "வாறத அங்கால கடத்தினாக் காணும்" என்பாள் சுகந்தி. மாமியின் மீன் தலை வரதன் அண்ணனிடம் திரும்பிப் போய்விட்டது.

போன மாதம் சுதன் லீவில் வந்தபோது பின்வீட்டுக்கென்று இன்னொரு ரவுட்டர் கொண்டுவந்தார். அதைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, அதே பணிவோடு கேட்டார்: "அண்ணன், இதுக்குச் செட்டிங் தெரியும்தானே?"

வாய்வரை வந்ததை விழுங்கினேன். "தெரியாது, தம்பி" என்றேன்.

"அத்தானுக்குத் தெரியாதாம்" என்றாள் மேகலா கிணற்றடியிலிருந்து. "மருமகனுக்குத் தெரியாதாம், புள்ள" என்றார் மாமி குசினி வாசலிலிருந்து. "இவருக்குத் தெரியாதாம்" என்றாள் சுகந்தி மண்டபத்திலிருந்து. எங்கும் தடைப்படாமல் செய்தி முன்வீடு வரை போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக, அங்கிருந்து வரதன் அண்ணன் கைதட்டும் சத்தம் கேட்டது.