என் பேரில் போன உங்கள் தோல்

எல்கடுவையில் இருக்கும் அன்பு மச்சான் காளிமுத்து அவர்களுக்கு,

இரத்தோட்டை கராம்புக் கடை இருளாண்டி தலைகுனிந்து எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்க வேண்டியவன் நான். ஆனால் அது இன்றைக்கு உங்களைவிட எனக்குத்தான் கூடத் தெரியும். அந்த வெட்கத்தில்தான் போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறேன்.

என் மூக்கு செத்துப்போனது உங்களுக்குத் தெரியும். பூஞ்சணம் பிடித்த கராம்பை முதல் தரமென்று வாங்கிப் போட்டதும் தெரியும். நம்ம சிவதர்ஷினி லீவில் வந்தபோது அடுப்பில் பால் தீய்ஞ்சிருக்கு, பக்கத்திலேயே நான் பேப்பர் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். கொழும்பில் நர்ஸ் வேலை பார்க்கிற பிள்ளை விடுமா? “அப்பா, மூளை நரம்பு தேயிற வியாதி சில பேருக்கு மூக்குலதான் ஆரம்பிக்கும். கழுத்துல, தொடையில, காலுல துளித் தோல் எடுத்துப் பாத்தா தடயம் தெரியும்”னு கண்டியில ஒரு கிளினிக்கில் நாள் குறிச்சிட்டுப் போயிட்டா.

மூட்டையில் மேலே, நடுவில், அடியில் குத்தூசி போட்டு சாம்பிள் எடுக்கிறவன் நான். என்னையே யாரோ குத்தப் போறாங்கன்னதும் தப்பிக்க வழி தேடினேன் மச்சான். நம்ம சரக்குல நமக்கே சந்தேகம் வந்தா வியாபாரி என்ன செய்வான்? நல்ல மூட்டையிலிருந்து சாம்பிள் அனுப்புவான். அந்தப் புத்திதான் உங்களைத் தேடி வந்தது. தேக்குக் கட்டை மாதிரி உடம்பு, இந்த வயசிலும் லொறி ஓட்டுறீங்க. என் அடையாள அட்டைப் படத்தில் இருக்கிறவன் நானா நீங்களா என்று பெற்றவளுக்கே தெரியாது. நீங்களும் சிரிச்சுக்கிட்டே, “தோலைப் பாத்து மூளையைச் சொல்லுவாங்களாக்கும்! அப்ப உன் மண்டையைப் பாத்தா காலாணி தெரியுமாடா?” என்று கேட்டுவிட்டு, என் அட்டையோடு என் பேரில் போய்க் குத்திக்கொண்டு வந்தீங்க.

ரிப்போட் வந்தது. தோல் நரம்பில் ஏதோ ஒரு புரதம் கட்டிப்போய் இருக்காம். ஆல்பா என்று தொடங்குகிற அந்தப் பேரைச் சொல்ல நாக்கு சுளுக்குது. அது பார்க்கின்சன் வகை வியாதிக்கு அடையாளமாம். சிவதர்ஷினி போனில் அழுதா. உங்க தங்கச்சி கமலாட்சி, கல்யாணம் முடிஞ்ச நாளிலிருந்து என்னைத் திட்டாமல் சோறு போட்டதில்லை, அன்றைக்கு மீனில் முள் எடுத்து ஊட்டினா. அதை வாங்கிச் சாப்பிட்டேன் மச்சான்! கேவலம் என்னன்னா, எனக்கே அது என் ரிப்போட் என்று ஆகிவிட்டது. கை நடுங்குச்சு, கால் இழுத்துச்சு. கடைக்கு வந்த எதிர்க்கடைக்காரன் ஜுனைதீன் கையைப் பிடித்து, “அல்லாஹ் லேசாக்குவான் முதலாளி” என்று கண்கலங்கினான். நானும் கூடக் கலங்கினேன்.

குளிக்கும்போது கமலாட்சி முதுகு தேய்க்க வந்து, “தோல் எடுத்தாங்கன்னீங்க, கழுத்துல ஒரு வடுவும் காணோமே?” என்றாள். அப்பதான் உறைச்சது. அது உங்க கழுத்து. “ஆறிருச்சு” என்று அவளிடமும் பொய் சொன்னேன். சொல்ல நா கூசுது மச்சான், ஆனா சொல்லாவிட்டால் நான் மனுசன் இல்லை: முதலில் வந்தது பயம் இல்லை, நிம்மதி. அப்பாடா, எனக்கில்லை என்று ஒரு வாளித் தண்ணியை ஊத்திக்கிட்டேன். அதுக்குப் பிறகுதான் உங்க வீட்டு சரோஜினி அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. நீங்க தூக்கத்தில் ஸ்டேரிங் திருப்பி, கியர் போட்டு, அக்காவை எட்டி உதைக்கிறீங்கன்னு சொன்னாங்களே. “என்ன மச்சான், கனவுலயும் ஹயர் ஓட்டமா?” என்று நான்தான் பெரிசாச் சிரிச்சேன். அதுவும் இந்த வியாதி வருமுன் காட்டுகிற குணங்குறியாக இருக்கலாமாம். மகளிடம் யாருக்கோ கேக்கிற மாதிரி கேட்டுப் பார்த்தேன்.

ரிப்போட் மட்டும் போதாது, டொக்டர் ஆளைப் பார்த்துத்தான் முடிவு சொல்வாராம். இப்பவே பார்த்தால் நடக்க, கொள்ள நல்லபடி வைத்திருக்க மருந்து இருக்காம். நம் இரண்டு பேருக்கும் டொக்டரிடம் நம்பர் எடுத்திருக்கிறேன். நீங்க உங்க பேரில் வாங்க. நான் என் தோலோடு வருகிறேன், பயந்துக்கிட்டேதான். அதுவரை எல்கடுவை வளைவுகளில் லொறி எடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கட்டளை இல்லை. நீங்க மூத்தவர், உங்க லொறி, உங்க முடிவு. அதில் தலையிட எனக்கு என்ன உரிமை?

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி சொல்லும் தகுதியை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கும்,
இருளாண்டி

பி.கு.: காலையில் லொறி ஸ்டார்ட் ஆகாது. இந்தக் காகிதத்தைக் கொண்டுவரும் உங்க கிளீனர் சதீஸ்குமாரை ஏசாதீங்க, நான் சொல்லித்தான் பெட்டரியைக் கழற்றினான். அது என் கடையில் இருக்கு. டொக்டர் ஓட்டலாம் என்று சொன்னால் அன்றைக்கே நானே தூக்கிவந்து மாட்டுவேன்.