ரெமிஹியோவின் மூன்றாவது விரல்

காசு கொடுத்து வாத்தியார் வைத்துக்கொள்ளாமல், யாருக்கும் தெரியாமல், ஆறே வாரத்தில் கிடார் கற்றுக்கொள்வது என்று என் நாற்பத்தொன்பதாவது வயதில் தீர்மானம் செய்தேன். வீரம் ஒன்றும் இல்லை. வேறு வழி இல்லை.

காரணம் என் மனைவி செல்சா. ஒரு திங்கட்கிழமை காலை, தபாலாபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் முன்னால் ஒரு பொட்டலத்தை வைத்தாள்.

"என்ன இது?"

"கிடார் கம்பி. ஆறும் இருக்கு. அசுன்சியோன்லேர்ந்து வரவழைச்சேன்."

"எதுக்கு?"

"நல்லா இருக்கே. கம்பி அறுந்துபோச்சு, கம்பி அறுந்துபோச்சுன்னு பத்து வருஷமா நீங்கதானே சொல்றீங்க? இன்னும் ஆறு வாரத்துல நம்ம கல்யாணத்துக்கு இருபத்தஞ்சு வருஷம். வில்லாரிக்காவுலேர்ந்து அக்காமாருங்க மூணு பேரும் வர்றாங்க. அன்னிக்கு என் ஜன்னலுக்குக் கீழ நின்னு வாசிச்சுப் பாடினீங்களே, அதை இன்னொரு தடவை கேக்கணும்."

பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு தபாலாபீசுக்கு நடையைக் கட்டினேன்.

உண்மையை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. பராகுவேயில் பிறந்தவன் இப்படிச் சொல்வதைவிட, திருடிவிட்டு ஜெயிலுக்குப் போனேன் என்று சொல்வது கௌரவம். பெண்ணை விரும்புகிறவன் விடிவதற்கு முன் அவள் ஜன்னலடியில் நின்று கிடாரோடு பாட வேண்டும். எங்கள் ஊரில் அதைச் செய்யாதவனுக்குப் பெண் மட்டுமல்ல, நாங்கள் குளிரக் குளிரக் குடிக்கும் மூலிகைத் தேநீர், தெரெரே, அதில் ஒரு குவளைகூடக் கிடைக்காது.

எனக்குப் பாட வரும், சுமாராக. அதனால் என் சித்தப்பா மகன் லிபோரியோவைக் கூட்டிப்போனேன். அவன் ஆரஞ்சு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தான். நான் அப்பாவின் கிடாரை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலுக்கு நேரே நின்று கையை அசைத்தேன், வாயைத் திறந்து பாடினேன். ஆரஞ்சுப் பூ வாசனை ஊரையே தூக்கிக்கொண்டு போயிற்று. ஜன்னல் கதவு ஒரு விரற்கடை திறந்தது. இரண்டு கண்கள் தெரிந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ விடியல் பார்த்துவிட்டேன், அந்த மாதிரி ஒன்றும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

கல்யாணம் ஆயிற்று. லிபோரியோ பிழைப்புக்காக அர்ஜென்டினா போனான், ரகசியமும் அவனோடு போயிற்று. சுவரில் மாட்டிய கிடாரும் நானும் மிஞ்சினோம். முதல் வருஷம் விரல் சுளுக்கு. இரண்டாவது வருஷம் மாமா இறந்த துக்கம். பிறகு மழை, பிறகு வெயில், பிறகு கம்பி. மறுநாளே உண்மையைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். இருபத்தைந்து வருஷம் ஊறிய பொய்யை எந்த வாயால் சொல்வது? அந்த ஒரு பாட்டுக்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டாள் என்று நான் நம்பியிருந்தேன். பாட்டே மோசடி என்றால் மீதி நான் எதற்கு?

பக்கத்து வீட்டிலேயே கிடார் வாத்தியார் இருந்தார், தெல்ஃபின் என்று பெயர். ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் அவர் வீட்டுப் படியில் நான் கால் வைத்தால், உட்காருவதற்குள் சந்தை முழுக்கச் செய்தி போய்விடும். ஆகவே நானே கற்றுக்கொள்வது என்று முடிவு.

இடமும் நேரமும் கச்சிதமாக அமைந்தன. கொல்லையில் துணி துவைக்கும் கொட்டகை. நேரம், மதியத் தூக்கம். பன்னிரண்டரை மணிக்கு மேல் எங்கள் ஊரில் கடை மூடும், தபாலாபீஸ் மூடும், நாய் குரைப்பதாக இருந்தாலும் மூன்று மணிக்கு மேல்தான் குரைக்கும். செல்சா தலையைச் சாய்த்தால் இடி விழுந்தாலும் எழமாட்டாள்.

முதல் நாள் கம்பிகளை மாட்டித் தட்டிப் பார்த்தேன். கொட்டகைக் கூரையில் இருந்த புறாக்கள் குடிபெயர்ந்தன.

நான்காம் நாள் அதிர்ஷ்டம் அடித்தது. கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வாத்தியார் வீடு. அங்கிருந்து அவர் குரல்.

"ரெமிஹியோ, முதல்ல கம்பியைச் சரியா முறுக்குய்யா. இந்தச் சத்தத்தைக் கேளு. இதுக்குச் சமமா வரணும்."

டிங் என்று ஒரு சத்தம். நான் என் கம்பியை முறுக்கினேன்.

"இன்னும் கொஞ்சம். போதும், போதும், அறுத்துடாதே."

யாரோ ரெமிஹியோ என்ற முட்டாள் பாடம் கேட்கிறான், ஓசியில் நானும் கேட்கிறேன். இதைவிட வேறென்ன வேண்டும்? தினமும் போனேன். ரெமிஹியோ செய்யும் தப்பெல்லாம் நான் செய்த தப்பாகவே இருந்தது எனக்குப் பெரிய ஆறுதல். அவன் வாசிப்பது மட்டும் ஒருநாளும் காதில் விழவில்லை. பயந்த சுபாவம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ரெமிஹியோ, மூணாவது விரலைத் தூக்குன்னு எத்தனை தடவை சொல்றது? அது விரலா, விறகா? உன்னைக் கட்டிக்கிட்டவ பாவம்."

பாவம்தான், என்று நானும் தலையாட்டினேன், விரலைத் தூக்கியபடி.

ஒருநாள் சாப்பிடும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"வாத்தியாருக்கு ஒரு மக்கு மாணவன் வந்திருக்கான், செல்சா."

"அப்படியா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெருவுல போகும்போது காதுல விழுந்துச்சு."

"எல்லாரும் தூங்குற நேரத்துல தெருவுல உங்களுக்கு என்ன வேலை?"

"காத்து வாங்கப் போனேன்."

"அந்த வெயில்ல காத்தா? சரி, அந்த மக்கு தேறுவானா?"

"தேறிடுவான்னுதான் தோணுது. விரல் கொஞ்சம் தடிமன், ஆனா மனசு நல்ல மனசு."

"அதென்னமோ உண்மைதான்," என்றாள் செல்சா.

விரல் நுனியெல்லாம் கொப்பளித்துவிட்டது. ஆனால் அந்த ஆறு வாரமும் மரவள்ளிக்கிழங்கு உரிக்கும் வேலை என் தலையில் விழவில்லை. நல்ல காலம் என்று எண்ணினேன். வெள்ளிக்கிழமை சுடும் சீப்பா ரொட்டியில்தான் என் பங்கு பாதியாகக் குறைந்தது. கோழி சரியாக முட்டையிடவில்லை என்று சொன்னாள்.

அந்த நாளும் வந்தது. சாயங்காலம் முற்றத்தில் நாற்காலிகள். என் மூன்று மைத்துனிகளும் விசிறியோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் வாத்தியாரையும் செல்சா அழைத்திருந்தாள்.

கிடாரைச் சுவரிலிருந்து எடுத்தேன். வாசித்துக்கொண்டே பாட ஆரம்பித்தேன். நம்ப மாட்டீர்கள், அது பாட்டாகவே வந்தது. இருபத்தைந்து வருஷம் தாமதமாக வந்தாலும் என் விரலிலிருந்தே வந்தது. இரண்டாவது அடியில் அந்தக் கஷ்டமான இடம் நெருங்கியது.

"மூணாவது விரல், ரெமிஹியோ," என்றார் வாத்தியார், பழக்கத்தில்.

விரல் தானாக எழுந்தது. பின்னாலேயே என் தலையும் எழுந்தது. வாத்தியார் அவசரமாகத் தன் குவளைக்குள் எதையோ தேடினார். மதியத் தூக்கத்து நேரத்தில் பராகுவேயில் எவன் பாடம் கேட்க வருவான்? இந்தச் சின்னக் கேள்வி எனக்கு அந்த நிமிஷம்தான் தோன்றியது.

நிறுத்தினால் மானம் போய்விடும். தொடர்ந்து வாசித்தேன். அப்போது பார்த்து ஒரு கொசு வந்து கன்னத்தில் உட்கார்ந்தது. இரண்டு கையும் கிடாரில். அது சாவகாசமாகக் குடித்தது. செல்சா எழுந்து வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"அன்னிக்குக் கிடார்லேர்ந்து கையை எடுத்து நீங்களே அடிச்சிக்கிட்டீங்க. மூணு கொசு. ஆனா வாசிப்புல ஒரு ஸ்வரம்கூட விட்டுப்போகலை."

கிடார் நின்றது.

"மூணு இல்லடி, நாலு," என்றாள் மூத்த மைத்துனி. "நானும் அந்த ஜன்னல்லதானே நின்னேன்."

"அப்ப இந்த ரெமிஹியோ யாரு?" என்றேன், ஈனக் குரலில்.

"எங்க வீட்டுப் பழைய கோவேறு கழுதை," என்றார் வாத்தியார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேரைச் சொல்லக் கூடாதுன்னு உங்க வீட்டம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க."

கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தேன். "எப்படியோ, காசு செலவில்லாம கத்துக்கிட்டேன்."

"வெள்ளிக்கிழமை சீப்பாவெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்சீங்க?" என்றாள் செல்சா. வாத்தியாரின் தொப்பையைப் பார்த்தேன். நன்றாகத்தான் சம்பளம் கொடுத்திருக்கிறேன்.

கிடாரைக் கீழே வைத்தேன். "எல்லாம் தெரிஞ்சும் ஏன் என்னைக் கட்டிக்கிட்ட?"

அவள் முந்தானைபோல் தோளில் கிடந்த துண்டின் நுனியால் என் கன்னத்து ரத்தத்தைத் துடைத்தாள். "ஒண்ணும் தெரியாத மனுஷன், எனக்காக அத்தனை கொசுக்கடியிலயும் இடத்தை விட்டு நகராம நின்னாரேன்னுதான். இருந்தாலும், ஒரே ஒரு தடவை நீங்களா வாசிச்சுக் கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு. கேட்டுட்டேன்."

இருபத்தைந்து வருஷச் சுமை இறங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆரஞ்சுப் பூ வாசனைகூட வந்தது போலிருந்தது.

"மீதியையும் சொல்லிடேன்டி," என்றாள் மூத்தவள்.

"என்ன மீதி?" என்றேன்.

செல்சா துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "மரத்துக்குப் பின்னால வாசிச்சவர் யாருன்னுதான் முதல்ல விசாரிச்சேன். அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொன்னாங்க."